டாக்டர் பேசியது மட்டும்

எனக்கு ஐம்பத்தோராவது வயதில் நுரையீரலில் கட்டி வந்தது. இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் அது வேறொருவனுக்குப் போய்விட்டது.

இப்படிச் சொல்வது அசிங்கம்தான். ஆனால் எனக்கு அது அப்படித்தான் நடந்தது. யோக்கியமாக மாற்றிச் சொல்லலாம் என்று பலமுறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் கதையில் நான் கொஞ்சம் நல்லவனாகி, உண்மை கொஞ்சம் குறைந்தது.

செங்கல்பட்டைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர், நெட்வொர்க், ஃபோன் மூன்றுக்கும் நான் பொறுப்பு. பொறுப்பு என்றால், மூன்றில் எது கெட்டாலும் திட்டு வாங்குகிறவன். கூடுவாஞ்சேரியில் வீடு. காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்புவேன். ஆடி பிறந்த வாரம், நெஞ்சு டாக்டரின் அறையிலிருந்து அழைப்பு வந்தது. மேசை ஃபோனில் அவர் பேசுவது எதிர்முனைக்குத் துண்டு துண்டாகப் போகிறதாம்.

"பேய் பேசற மாதிரி இருக்காம். பேஷன்ட்டெல்லாம் பயப்படறாங்க," என்றார்.

"நேர்ல பேசும்போது பயப்படலியா சார்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் சொல்வதற்குச் சிரிக்காத நல்லவர்கள் அந்தக் கட்டடத்தில் நிறையப் பேர்.

இந்த மாதிரிப் புகாருக்கு எங்கள் தொழிலில் ஒரு வைத்தியம் உண்டு. கட்டடத்தில் உள்ள ஃபோன் ஒயர்கள் எல்லாம் சர்வர் அறையில் ஒரு தட்டையான இரும்புப் பெட்டிக்கு வந்து சேரும். அதற்கு ஸ்விட்ச் என்று பெயர். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை, வரிசையாக இருபத்து நான்கு ஓட்டைகள் உள்ள பெட்டி. ஒவ்வோர் ஓட்டையும் ஒரு போர்ட். யாருக்கு வந்த பேச்சோ அவருடைய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பி வைப்பது அந்தப் பெட்டியின் நேர்மை. அந்த நேர்மையைக் கெடுக்கவும் ஒரு கட்டளை இருக்கிறது. டாக்டரின் ஃபோன் வந்து சேரும் ஒன்பதாம் போர்ட்டில் நடப்பதற்கெல்லாம் ஒரு நகல் எடுத்து இருபத்து மூன்றாம் போர்ட்டில் கொட்டு என்று சொல்லிவிட்டால், அது கேள்வி கேட்காமல் கொட்டும். இருபத்து மூன்றில் லேப்டாப்பைச் செருகிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மிர்ரர் போடுவது என்று இதைச் சொல்வோம். ஒன்பதாம் போர்ட்டின் மறுமுனையில் ஃபோனைப் பிடித்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. பேச்சு எங்கே உடைகிறது என்று லேப்டாப்பில் படமாகத் தெரியும். பிளே பட்டனை அழுத்தினால் குரலே கேட்கும்.

கட்டளை கொடுக்கும்போது அது ஒன்று கேட்கும்: உள்ளே வருவதை நகல் எடுக்கவா, வெளியே போவதையா, இரண்டையுமா? புகார் டாக்டரின் குரலைப் பற்றியது. அவர் ஃபோனிலிருந்து வருவதை மட்டும் எடு என்றேன். எதிர்முனைக் குரலை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?

கோளாறு பத்து நிமிடத்தில் பிடிபட்டது. ஒயரின் முனையில் இருக்கும் நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு ஆடிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்று போட்டேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க, அதற்குப் பிறகு டாக்டர் பேசிய ஒரு அழைப்பை ஓடவிட்டேன். இரண்டு வார்த்தை கேட்டாலே போதும், குரல் சுத்தமாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஹெட்ஃபோன் காதிலேயே இருந்தது.

"சொல்லுங்க... ம்... சந்தேகமே இல்லையா?... எவ்வளவு பெருசு?... வலது பக்கம், மேல. சரி."

நடுநடுவே வெறும் அமைதி. எதிர்முனையில் யாரோ பேசுகிறார்கள். என் சிக்கனத்தால் அது எனக்குக் கேட்காது.

"யாரு, நம்ம ஸ்டாஃபா?... அய்யோ. எப்பவும் சிரிச்சிக்கிட்டே இருப்பாரே, அவரா?... வயசு அம்பத்தொண்ணுதானா?... இல்ல இல்ல, அவர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. வீட்டு ஆளுங்கள வரச்சொல்லி நானே பேசிக்கறேன்."

நம்ம ஸ்டாஃப். எப்பவும் சிரிக்கிறவர். ஐம்பத்தொன்று. இந்த மூன்றையும் சேர்த்தால் அந்த மருத்துவமனையில் வரக்கூடிய விடை நான் ஒருவன்தான். இதை அப்போது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன். அதற்கு முந்தைய மாதம் ஊழியர்கள் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. என் நெஞ்சு எக்ஸ்ரேயை மட்டும் மறுபடி எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். படம் எடுத்த பெண்ணிடம் காரணம் கேட்டபோது, "சும்மாதான் சார்," என்றாள். ஆஸ்பத்திரியில் யாராவது எதையாவது சும்மா செய்வார்களா?

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு ஃபோன் செய்தேன்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து யாராவது பேசினாங்களா?"

"இன்னாத்துக்கு?" என்றாள் மனைவி.

"சும்மா கேட்டேன்."

"மறுபடியும் எந்த டாக்டர்கிட்ட வாய உட்ட? வேலய உட்டுத் தூக்கிட்டானுங்களா?"

இயல்பாகப் பேசினாள். அதுதான் பயமாக இருந்தது. சொல்லிவிட்டார்கள், இவள் நடிக்கிறாள் என்று முடிவுகட்டினேன். அன்று மாலை வீட்டுக்குப் போனால் வஞ்சிரம் வறுவல். திங்கட்கிழமையில் வஞ்சிரம்!

"இன்னா விசேஷம்?"

"மீன்காரம்மா வாசலாண்ட வந்துச்சி, வாங்கினேன். துன்றியா, இல்ல பூனைக்கு வெக்கவா?"

பூனை என்ற சொல்லில் ஏதாவது துக்கம் ஒளிந்திருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்தபடியே மூன்று துண்டு சாப்பிட்டேன். சாகப் போகிறவனுக்கு அவ்வளவு பசி வரக் கூடாது.

மறுநாள் சர்வர் அறையில் உட்கார்ந்து, நான் செத்த பிறகு யார் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். மனைவி அழுவாள், பிறகு அவள் தங்கை வந்து பார்த்துக்கொள்வாள். அதில் மனம் நிற்கவில்லை. எனக்கு அடுத்து வருகிறவன் இந்த ஒயர்க் குப்பையைப் பார்த்துவிட்டு என்னை என்ன திட்டுவான் என்பதில்தான் நின்றது. பதினாறு வருடமாக எந்த ஒயர் எங்கே போகிறது என்பது என் மண்டைக்குள் மட்டுமே இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டினேன். பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். நர்ஸ் மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், வேற எங்கயாச்சும் வேல கெடச்சிடுச்சா?" என்று கேட்டார். "ஆமாம்மா, மேல ஒரு எடத்துல," என்றேன். அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குமேல் தாங்கவில்லை. ஒன்பதாம் போர்ட்டுக்கு மறுபடி மிர்ரர் போட்டேன். இந்த முறை இரண்டு பக்கமும்.

முதல் முறை போட்டது வேலை. புகார் இருந்தது, போட்டேன். இரண்டாம் முறை எந்தப் புகாரும் இல்லை. நெஞ்சு டாக்டரின் பேச்சை, அவரிடம் பேசுகிற நோயாளிகளின் பேச்சை, மூடிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவன் கேட்டான். அவனுக்குப் பெயர் திருடன். இதற்குச் சட்டத்தில் என்ன பிரிவு என்று கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்கக்கூடப் பயம். அந்தத் தேடலும் ஏதோ ஒரு போர்ட் வழியாகத்தானே போகும்.

அடுத்த நாள் காலை பதினோரு மணிக்கு டாக்டரே யாரையோ கூப்பிட்டார்.

"உங்க தம்பி விஷயமா பேசணும்," என்றார்.

தம்பி. எனக்கு அண்ணன் கிடையாது. நான் வீட்டில் மூத்தவன். அந்த ஒரு சொல்லில் நான் பிழைத்துவிட்டேன்.

அதற்கு மேல் என் காதில் சரியாக எதுவும் விழவில்லை என்றால் நம்புவீர்களா? இரண்டு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டுச் சிரித்தேன். சத்தமாகவே. ஹெட்ஃபோனைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓடுவது பதிவாகட்டும் என்று விட்டுவிட்டு, கேன்டீனுக்குப் போய் இரண்டு சமோசா வாங்கி வந்தேன். வழியில் எக்ஸ்ரே அறைக்குள் தலையை நீட்டி என் படத்தை ஏன் மறுபடி எடுத்தீர்கள் என்று அதட்டிக் கேட்டேன். "மூச்சப் புடிங்கன்னு சொன்னப்ப நீங்க ஜோக்கு சொல்லி ஆடிட்டீங்க சார்," என்றாள் அந்தப் பெண்.

சமோசா தின்றுகொண்டே பதிவை முதலிலிருந்து ஓடவிட்டேன். யாரோ ஒருவனின் கதையைக் கேட்கிற நிம்மதியோடு.

எதிர்முனையில் இருந்த குரல் எனக்குத் தெரிந்த குரல். "சொல்லுங்க சார், நெம்மேலிலேர்ந்துதான் பேசறேன்," என்றது. என் நண்பனின் அண்ணன்.

நண்பனை மருத்துவமனையில் எல்லோரும் ஜெனரேட்டர்காரர் என்பார்கள். ஜெனரேட்டர், ஏசி, கரண்டு, தண்ணீர்க் குழாய் எல்லாம் அவன் கையில். நெம்மேலிப் பக்கம் கடலோரத்தில் வீடு. தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பைக்கில் வருவான். சர்வர் அறையில் ஏசி உண்டு என்பதால் மத்தியானச் சோறு எங்களுக்கு அங்கேதான். 'உள்ளே உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லை' என்ற அறிவிப்பை ஒட்டியவன் நான்; அதற்குக் கீழே உட்கார்ந்து அவன் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பைத் தின்றவனும் நான். அவனுக்கும் ஐம்பத்தொன்று. அவனும் எப்போதும் சிரிப்பவன். இரண்டு நாளாக அது என் மண்டையில் ஏறவே இல்லை, பாருங்கள். அந்தக் கட்டடத்தில் சிரிக்கிறவன் நான் ஒருவன்தான் என்று அவ்வளவு நம்பிக்கை.

டாக்டர் தெளிவாகச் சொன்னார். சளி என்று சொல்லி நெஞ்சில் ஊசி போட்டு எடுத்த சதையில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. இப்போதைக்கு ஒரே இடத்தில் இருக்கிறது. சென்னைக்கு அழைத்துப்போய் உடனே ஆப்பரேஷன் செய்தால் எடுத்துவிடலாம். பரவிவிட்டால் பிறகு கத்தி வைக்க முடியாது.

"அவன்கிட்ட சொல்லாதீங்க சார், ஒடஞ்சி பூடுவான்," என்றார் அண்ணன். "சளி கட்டினுகீதுன்னே இருக்கட்டும்."

"ஆப்பரேஷனுக்கு அவர்தான் கையெழுத்துப் போடணும்."

"ஆடி போவட்டும் சார். ஆத்தாளுக்குக் கூழு ஊத்தணும். ஆடில கத்தி வெச்சா எங்க வூட்ல வெளங்காது சார், எங்க நைனாக்கு அப்படித்தான் ஆச்சி. ஆவணி பொறந்ததும் நானே இட்டாரேன்."

டாக்டர் "நாள் கடத்தறது நல்லதில்லங்க," என்றார். பிறகு, "சரி, உங்க இஷ்டம்," என்றார். ஆடி முடிய இன்னும் மூன்றரை வாரம் இருந்தது.

அப்போது கதவு திறந்தது. சாப்பாட்டு டப்பாவோடு அவன்.

"இன்னா மச்சான், சோறு துன்ற நேரத்துல சமோசா? தனியா குந்தி சிரிச்சிகினு கீறன்னு கேன்டீன்ல சொல்றாங்கோ."

"ஒண்ணுமில்ல மச்சான்."

"கேர்ள் பிரண்டா?" என்று கேட்டுவிட்டு இருமினான். இருமி முடித்து, "இந்த சளி வுடமாட்டேங்குது," என்றபடி டப்பாவைத் திறந்தான்.

அன்று முதல் பன்னிரண்டு நாள் நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

காரணங்கள் இருந்தன. காரணத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லாதவன் நான். அது அவர்கள் குடும்ப விஷயம். டாக்டருக்கே இல்லாத அக்கறை எனக்கென்ன. அண்ணன் நாளைக்கே மனம் மாறலாம். இவையெல்லாம் மேலே பூசியவை. அடியில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: உனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்பான். கேட்டால் என் வேலை போகும், போலீஸ் வரும், கூடுவாஞ்சேரி முழுக்கத் தெரியும். என் நெஞ்சில் கட்டி என்று நினைத்த இரண்டு நாளில்கூட எனக்கு இவ்வளவு வேர்க்கவில்லை.

ஒரு நாள் துணிச்சல் வந்து, பெயர் போடாத கடிதம் ஒன்று எழுதினேன். கையெழுத்து தெரியக் கூடாது என்று இடது கையால். 'உங்கள் நெஞ்சில் இருப்பது சளி அல்ல, கட்டி. ஆடி முடியக் காத்திருக்க வேண்டாம். இப்படிக்கு, நலம்விரும்பி.' படித்துப் பார்த்தால் மிரட்டல் கடிதம் மாதிரி இருந்தது. இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ரத்தம் கக்குவீர்கள் என்று ஒரு வரிதான் பாக்கி. கிழித்து, தண்ணீரில் நனைத்து, கை கழுவும் தொட்டியில் விட்டேன். தொட்டி அடைத்துக்கொண்டது.

அடைப்பெடுக்க யார் வருவான்? அவன்தான் வந்தான். மண்டியிட்டுக் குழாயைக் கழற்றும்போதே இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினான். கம்பியால் அந்தக் காகிதக் கூழை வெளியே இழுத்து என் மூஞ்சிக்கு நேரே காட்டினான்.

"லவ் லெட்டரா மச்சான்? கிழிச்சிட்டியே, ஒத்துக்கலியா அது?"

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"இன்னா ஆச்சி ஒனக்கு?" என்றான். "பத்து நாளா பாக்கறேன். ஒரு ஜோக்கு இல்ல, ஒண்ணு இல்ல. ஒடம்பு கிடம்பு செரியில்லியா? டாக்டராண்ட காட்னியா?"

தனக்கு என்ன என்று தெரியாத ஒருவன் எனக்கு டாக்டர் சிபாரிசு செய்தான்.

ஆடி மூன்றாம் ஞாயிறு அவர்கள் ஊரில் கூழ் ஊற்றினார்கள். வருடாவருடம் என்னைக் கூப்பிடுவான், போவேன். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "இன்னா, வர்லன்னா ஆத்தா கண்ண குத்தும்," என்று காலையிலேயே ஃபோன் செய்துவிட்டான்.

கோயில் வாசலில் பெரிய பெரிய குண்டான்களில் கேழ்வரகுக் கூழ். ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. அவன் அண்ணன் இடுப்பில் மஞ்சள் துண்டோடு ஓடியாடி ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அன்பாக, "வாப்பா, சொம்பு இருக்குதா?" என்றார். கெட்டவர் இல்லை. தம்பிக்காகத்தான் அவ்வளவு வியர்வையும். நண்பனின் மனைவி முருங்கைக்கீரைப் பொரியல் வைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலிருந்து அவளுக்கும் சொல்லிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். அங்கே கூழ் குடித்துக்கொண்டிருந்த பாதிப் பேருக்குத் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது.

சிறிய குண்டான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். நூறு அடி இருக்காது. இரண்டு இடத்தில் இறக்கி வைத்தான். நான் வாங்கிக்கொள்ளப் போனேன், தட்டிவிட்டான்.

அதைக் கொண்டுபோய் வைத்த பிறகு, ஆளுக்கொரு சொம்புக் கூழோடு கடற்கரைக்கு நடந்தோம். நடுப்பகல் வெயில். வலை காயப்போட்டிருந்த இடத்தைத் தாண்டி ஒரு படகு நிழலில் உட்கார்ந்தோம்.

"மெட்ராஸ்காரன்லாம் எங்க கடலத்தான் குடிச்சிகினுகீறான், தெரியுமா?" என்றான், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலைப் பக்கம் கையைக் காட்டி. "அதான் அவனுங்களுக்கு இவ்ளோ கொழுப்பு."

"மச்சான், உனக்கு சளி இல்ல," என்றேன்.

"பின்ன இன்னா, மூலமா?"

"கட்டி. கெட்ட கட்டி. இப்பவே ஆப்பரேஷன் பண்ணா எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றாரு. உங்கண்ணன் ஆடி போவட்டும்னு தள்ளிகினுகீறாரு."

அவன் சிரித்தான். "சூப்பர். ஆனா மூஞ்சி பத்தல மச்சான். இன்னும் கொஞ்சம் அழுவற மாரி வெச்சிகினு சொல்லு."

பதினாறு வருடமாக அவனிடம் நான் சொன்ன பொய்களுக்கு அளவில்லை. அவன் பைக் திருட்டுப் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். டீனே ராஜினாமா செய்துவிட்டார் என்று நம்ப வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்ல வந்த அன்று என் மூஞ்சி எனக்கு உதவவில்லை. மறுபடி சொன்னேன். தோளைத் தட்டினான். மூன்றாவது முறை, "வலது பக்கம். மேல," என்றேன்.

சிரிப்பு நின்றது. அவன் கை தானாக நெஞ்சின் வலப்பக்கம் போனது. ஊசி போட்ட இடம்.

"உனுக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் ஃபோனுக்கு மிர்ரர் போட்டு ஒட்டுக் கேட்டேன்."

அலை இரண்டு வந்து போனது. கட்டியைப் பற்றிக் கேட்பான், பிழைப்பேனா என்று கேட்பான் என்று காத்திருந்தேன்.

"எப்போ கேட்ட?"

"பன்னெண்டு நாளாச்சி."

அவன் விரல் விட்டு எண்ணினான். மெதுவாக, ஒவ்வொரு விரலாக.

"அன்னிக்கி சமோசா துன்னுகினு சிரிச்சிகினு இருந்தியே. அன்னிக்கா?"

"மொதல்ல அது எனக்குன்னு நெனச்சிட்டேன் மச்சான். ரெண்டு நாளு. அப்பறம் எனக்கில்லன்னு..."

"சந்தோசமாச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்னால் சொல்லக்கூடிய பொய்களிலேயே மிகச் சுலபமானது அது.

"பன்னெண்டு நாளா என் கொயம்ப தொட்டுகினு துன்னுகினு இருந்த," என்றான். சொம்பை மணலில் வைத்துவிட்டு எழுந்து நடந்தான். வீட்டுப் பக்கம் போகவில்லை. கரையோரமாகவே, மாமல்லபுரம் திசையில், நின்று நின்று நடந்து போனான். பின்னால் போக எனக்குத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நெஞ்சு டாக்டரின் அறை வாசலில் முதல் ஆளாக அவன் உட்கார்ந்திருந்தான். என் கண் முன்னாலேயே உள்ளே போனான். யார் சொன்னது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "யாரும் சொல்லல சார், என் ஒடம்பு எனக்குத் தெரியாதா," என்றிருக்கிறான். அடுத்த வாரமே சென்னையில் பெரிய மருத்துவமனையில் சேர்ந்தான். ஆடி கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் ஆப்பரேஷன்.

அன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் அவன் அண்ணன் ஒரு ஓரத்தில், அவன் மனைவி இன்னொரு ஓரத்தில். நடுவே ஆறு காலி நாற்காலிகள்.

"இவதான் ஒளறி வெச்சிட்டா," என்றார் அண்ணன், அவளுக்குக் கேட்கும்படி. "பத்து நாளு பொறுக்க முடியல. ஆடில கொண்டாந்து படுக்க வெச்சிட்டா."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க இல்லண்ணே. நான்தான் சொன்னேன்," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எப்படித் தெரியும் என்றுகூடக் கேட்கவில்லை.

"எங்க வூட்டு விசயத்துல நீ யார்ரா?" என்றார். பிறகு மெதுவாக, "அவனுக்கு இன்னாவது ஆச்சின்னா அது உன்மேலதான்," என்றார். அவள் ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தாள். அதில் நன்றி எதுவும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை என்று எழுத ஆசை, எதிர்பார்த்தேன்.

வலது நுரையீரலில் மேல் பகுதியை எடுத்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு நிணநீர் முடிச்சிலும் புற்று இருந்ததாம். அதனால் பிறகு ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். அந்த முடிச்சுக்கு அது எப்போது போனது, என் பன்னிரண்டு நாளிலா, அதற்கு முன்பா என்று நெஞ்சு டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அத யாராலயும் சொல்ல முடியாதுப்பா," என்றார்.

அதற்குப் பிறகுதான் நிர்வாக அதிகாரியிடம் போனேன். ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செய்ததை எல்லாம் சொன்னேன். மிர்ரர் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்து, இரண்டாவது முறை போட்டது வரை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

"யாருக்கும் தெரியாமயே கேக்கலாமா?" என்றார்.

"கேக்கலாம் சார். அதான் தப்பு."

"பார்மசி ஃபோனுக்கும் போட முடியுமா? அங்க ஒருத்தன் மேல எனக்கு டவுட்டு."

பழைய பெட்டி சார், இனிமேல் அதில் போட முடியாது என்றேன். கடிதத்தை எடுக்காமலே வெளியே வந்தேன். எனக்கு இன்னும் அங்கேதான் வேலை.

அவன் தை மாதம் வேலைக்குத் திரும்பினான். தலையில் குல்லா, சட்டைக்குள் பாதி ஆள். கனமான எதையும் தூக்கக் கூடாது என்று ஜெனரேட்டர் அறையிலேயே ஒரு நாற்காலியும் மேசை ஃபோனும் கொடுத்திருந்தார்கள். மத்தியானம் சர்வர் அறைக்கு அவன் வரவில்லை. முதல் வாரம் நான் சாப்பாட்டைப் பிரிக்காமல் காத்திருந்தேன். இரண்டாம் வாரம் கேன்டீனில் சாப்பிட ஆரம்பித்தேன். மூன்றாம் வாரம் ரிசப்ஷனிலிருந்து சொன்னார்கள், ஜெனரேட்டர் அறை ஃபோனைப் பார்க்க வேண்டுமாம்.

போனேன். அவன் எழுந்து நின்றான்.

"வாங்க சார்," என்றான்.

பதினாறு வருடத்தில் அவன் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் சார். கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"இன்னா கோளாறு?" என்று கேட்டேன்.

"கோளாறு ஒண்ணுமில்ல. இத்த கயிட்டி எட்துகினு பூடுங்க சார். எனுக்கு வாணாம்."

"கரண்டு போச்சின்னா உன்ன எப்படிக் கூப்புடறது?"

"ஆள் அனுப்பச் சொல்லுங்க. நடந்து வருவேன்."

"மாடி ஏற முடியுமா உன்னால?"

"ஏறுவேன் சார். நின்னு நின்னு ஏறுவேன்."

ஃபோனைக் கழற்றினேன். அவன் பக்கத்திலேயே நின்றான். மூச்சு உள்ளே போவதும் வருவதும் கேட்டது. அவ்வளவு அருகில் நின்று அதைக் கேட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. வந்ததெல்லாம் ஜோக்காக வந்தது, முழுங்கினேன். ஃபோனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"ஒயரும்," என்றான்.

சுவரில் ஓடிய ஒயரைப் பிடுங்கிச் சுற்றி எடுத்துக்கொண்டேன். அவன் சுவரில் இருந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தான். விரலை விட்டு உள்ளே ஏதும் மிச்சம் இல்லை என்று உறுதி செய்துகொண்டான். பிறகு டீசல் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துக்கொண்டு, நின்று நின்று, ஜெனரேட்டர் பக்கம் போனான்.